லண்டனிலிருந்து லண்டன்பேட்டைக்கு

நான் வாங்கிய ஒரு ஜாஸ் ரெக்கார்டு பார்சல், லண்டனிலிருந்து பெங்களூருக்கு 6 நாள். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி லண்டன்பேட்டைக்கு 14 நாள். மொத்தமே 90 கிலோமீட்டர்தான் தூரம். அந்தப் பார்சலுக்குக் கால் முளைத்து நடந்து வந்திருந்தால்கூட, ஓசூரில் ரெண்டு நாள் தங்கி, மலையேறி சந்திரசூடேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, சாவகாசமாக அதற்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும்.

வந்த வழியைக் கேளுங்கள். பெங்களூரில் வரியெல்லாம் கட்டி முடிந்து லாரி ஏறியது. நேராகச் சென்னை. பெங்களூரிலிருந்து சென்னை போகிற லாரி எந்த ஊர் வழியாகப் போகும்? எங்கள் ஊர் வழியாகத்தான். ராத்திரி மொட்டைமாடியில் படுத்தால் பைபாஸில் ஏர் ஹாரன் கேட்கும், அவ்வளவு பக்கம். அந்த ஹாரன்களில் ஒன்று என் ரெக்கார்டைத் தூக்கிக்கொண்டு போன லாரியுடையது. சென்னையில் 4 நாள் படுத்துக் கிடந்தது. அப்புறம் சேலம். அங்கே 3 நாள். பிறகு தொப்பூர் கணவாய் ஏறி, தருமபுரி தாண்டி, மறுபடி இங்கே. தினமும் காலையில் போனில் ஒரு மெசேஜ்: "உங்கள் பார்சல் உங்களை நெருங்கிக்கொண்டிருக்கிறது." நெருங்கத்தான் செய்தது. நெருங்கி, டோல்கேட்டில் பணம் கட்டி, என்னைத் தாண்டிப் போய்விட்டது.

உள்ளே இருந்தது சாக்சபோன்காரர் ஹாங்க் மோப்லியின் ஒரு எல்பி ரெக்கார்டு. ப்ளூ நோட் கம்பெனி, நம்பர் 1568. இந்த நம்பரைச் சொன்னால் ஜாஸ் ரெக்கார்டு பைத்தியங்கள் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்துவார்கள். 1957 ஜூனில் பதிவு செய்தது. அப்போது கொஞ்சமாகத்தான் அச்சிட்டார்கள்; பெரிதாக விற்கவும் இல்லை. இன்று அந்த முதல் பதிப்புக்கு வெளிநாட்டு ஏலத்தில் சில லட்சம் ரூபாய் போகிறது. ஒரு பக்க லேபிளில் கம்பெனி விலாசம் 'நியூயார்க் 23' என்று முடியும், மறுபக்கத்தில் அந்த 23 இருக்காது. தட்டின் நடுவே, பாட்டு முடிந்து ஊசி சும்மா சுற்றுகிற வெற்றுப் பட்டையில் காது மாதிரி ஒரு குறி இருக்கும். அச்சடித்த ஆலையின் அடையாளம் அது. அந்தக் காது இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை.

நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் டூல் ரூமில் வேலை பார்க்கிறவன். நாள் பூரா ஸ்டீலில் நம்பர் பஞ்ச் அடிக்கிற எனக்கு, தட்டில் பொறித்திருக்கிற அந்தச் சின்ன எழுத்துகள் மேல் ஒரு தனிப் பாசம். போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். ஒலிப்பதிவு செய்த ரூடி வான் கெல்டரின் பெயர் சில தட்டுகளில் முழுசாக, சிலதில் வெறும் ஆர்விஜி என்று. அந்த மனுஷன் அந்த நாட்களில் பகலில் கண் பரிசோதனை செய்கிற தொழிலில் இருந்தார். சாயங்காலமானால் பெற்றோர் வீட்டு ஹாலில் மைக்கை நிறுத்தி ஒலிப்பதிவு. நானும் ஷிப்ட் முடிந்து வந்து ஹாலில்தான் கேட்கிறேன், பக்கத்து அறையில் அம்மாவின் சீரியல் ஓட.

சில லட்சம் கொடுத்து முதல் பதிப்பு வாங்குகிற வசதி எனக்கு இல்லை, ஆசையும் இல்லை. என்னை மாதிரி ஆளுக்காகத்தானே மறுபதிப்பு என்று ஒன்று இருக்கிறது? அப்படித்தான் 15 வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

போன கார்த்திகையில் ஒரு கம்பெனி ஒரு பழைய எல்பிக்கு மறுபதிப்பு அறிவித்தது. பழைய டேப்பிலிருந்தே வெட்டியது, கனமான தட்டு, கெட்டி அட்டை, கூடவே 'குறைந்த எண்ணிக்கை' என்ற மாய வார்த்தை. விற்பனை தொடங்குவது நம்ம நேரத்துக்கு ராத்திரி பதினொன்றரை. எனக்கு நைட் ஷிப்ட். டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு கிரைண்டிங் மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டு போனைத் தட்டுகிறேன். கிடைத்தது, கூடையில் போட்டேன், கார்டு நம்பர் அடித்தேன். ஓடிபி வரவில்லை. அந்த ஷெட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான். வெளியே ஓடினேன். ஓடிபி வந்தது. கூடை காலி. மொத்தம் 7 நிமிஷம்.

மறுநாள் காலை அதே ரெக்கார்டு, இன்னும் யார் கைக்கும் வந்தே சேராத ரெக்கார்டு, ஆன்லைனில் மூணு மடங்கு விலைக்கு வரிசையாக நிற்கிறது. விற்பவன் எவனும் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான். மாந்தோப்பில் பூ விடும்போதே குத்தகை பேசுகிற வியாபாரிகூட மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார்.

எனக்குப் புரியாதது இதுதான். ஒரிஜினல் கிடைக்காதவனுக்காகப் போடுவது மறுபதிப்பு. அதையும் கிடைக்காமல் செய்துவிட்டு அதற்கு எதற்கு ஐயா மறுபதிப்பு என்று பேர்? ரேஷன் கடையைத் திறந்து வைத்து, முதல் 20 கார்டுக்குத்தான் அரிசி, இந்த அரிசியின் அருமை தெரிந்தவர்கள் முந்திக்கொள்ளுங்கள் என்று போர்டு மாட்டினால் ஊர் சும்மா விடுமா? ரோட்டில் உட்கார்ந்துவிட மாட்டார்களா?

நியாயமான காரணம் இருந்தால் ஒத்துக்கொள்வேன். மொசைக் மாதிரி ஜாஸ் மறுபதிப்புக் கம்பெனிகள் உரிமையை வேறொருவரிடம் வாங்கி, இத்தனை பெட்டிதான் என்று ஒப்பந்தப்படி நம்பர் போட்டு விற்றார்கள். சரி. 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் ஒரு ஆலை எரிந்தது. ரெக்கார்டு அச்சடிக்கும் முன் பாட்டை முதலில் வெட்டிப் பதிக்கிற லாக்கர் தட்டு செய்கிற ஆலைகள் அப்போது உலகத்திலேயே ரெண்டுதான், அதில் ஒன்று அது. அந்தச் சமயத்தில் தட்டுப்பாடு என்றால் வாயை மூடிக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஆல்பத்தை நீலத்தில் ஒரு முறை, மஞ்சளில் ஒரு முறை, மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பெயிண்ட் அடித்த மாதிரி ரெண்டு கலரில் ஒரு முறை என்று போட்டு, ஒவ்வொன்றுக்கும் 'குறைந்த எண்ணிக்கை' ஒட்டுகிறார்களே, அதில் தட்டுப்பாடு எங்கே இருக்கிறது? பிளாஸ்டிக் இருக்கிறது, மெஷின் இருக்கிறது, கலர் கலக்க ஆளும் இருக்கிறது. எனக்கு ஒரு கறுப்புத் தட்டு போட மட்டும் வழியில்லை.

வாங்குகிறவர்களில் பாதிப் பேர் மேல் உறையையே பிரிப்பதில்லை. பிரித்தால் விலை போய்விடுமாம். அலமாரியில் அடுக்கிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். மேலே இறுக்கிச் சுற்றிய அந்த பிளாஸ்டிக் வருஷக்கணக்கில் இன்னும் இறுகி உள்ளே இருக்கிற தட்டையே வளைத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. வளையட்டும். நல்லா வளையட்டும்.

என் மச்சான் வந்திருந்தபோது கேட்டான், "ஏன் மாமா இவ்ளோ டென்ஷன்? போன்லயே எல்லாம் ஃப்ரீயா வருதே." ஒகேனக்கல்லை ரீல்ஸில் பார்த்துட்டுப் போயிட்டு வந்தேன்னு சொல்லுவியாடா என்றேன். "சொல்லுவேன் மாமா" என்றான். அவனோடு பேசிப் பிரயோஜனமில்லை.

இன்னொரு வயிற்றெரிச்சல். சார்லி மரியானோ என்ற அமெரிக்க சாக்சபோன்காரர் கர்நாடக காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு சேர்ந்து 'ஜோதி' என்று ஒரு ரெக்கார்டு செய்தார். ஜெர்மனியின் ஈசிஎம் கம்பெனி 1983ல் வெளியிட்டது. பாடியது ஆர்.ஏ. ராமமணி, மிருதங்கம் டி.ஏ.எஸ். மணி. யார் இவர்கள்? பெங்களூர்க்காரர்கள். நான் வேலைக்குப் போகிற பஸ்ஸில் இறங்காமல் உட்கார்ந்தே இருந்தால் போய்ச் சேருகிற ஊர். ஆனால் அந்தத் தட்டு எனக்கு ஜெர்மனியிலிருந்துதான் கிடைத்தது. பெங்களூர் பி.வி.கே. ஐயங்கார் ரோட்டு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எத்தனை வருஷம் குந்திக் குந்திப் புரட்டியிருப்பேன்! பூச்சி அரித்த சினிமாப் பாட்டுத் தட்டுகளும் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்ளும் தட்டுகளும்தான் கையில் வந்தன. இப்போது அதுவும் வருவதில்லை. பழைய ரெக்கார்டையெல்லாம் ஹோட்டல்காரர்கள் மொத்தமாக அள்ளுகிறார்கள்.

எதற்கு என்று கேட்கிறீர்களா? சுவரில் மாட்ட. ஹைவேயில் ஒரு புது ஹோட்டல். காபி குடிக்க உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் 30 ரெக்கார்டு. பழக்கதோஷத்தில் எழுந்து போய் லேபிளைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒன்றில் நின்றுவிட்டேன். 'ராக ஜாஸ் ஸ்டைல்'. 1968ல் இந்தி சினிமா இசையமைப்பாளர்கள் சங்கர்–ஜெய்கிஷன் போட்டது, ரயீஸ் கானின் சிதாரோடு 11 ராகங்கள். நான் தேடாத இடமில்லை. நடு ஓட்டையில் மாட்டினால் ஆடுகிறது என்று, பாட்டு இருக்கிற இடத்திலேயே டிரில் போட்டு ரெண்டு ஸ்க்ரூ முடுக்கியிருந்தான் பாவி. கல்லாவில் இருந்தவரிடம், அண்ணா, இது என்ன ரெக்கார்டுன்னு தெரியுமா என்று கேட்டேன். "டிசைனுக்குங்க. உங்களுக்கும் வேணும்னா ஆள் நம்பர் தர்றேன்" என்றார். நல்ல மனுஷன்தான். அவரிடம் எப்படிக் கோபப்படுவது? காபி ஆறிப்போயிருந்தது.

பார்சலுக்கு வருகிறேன். 1568க்கு எழுபது எண்பதுகளில் ஜப்பான்காரர்கள் மறுபதிப்புப் போட்டார்கள். ஜப்பான் தட்டு என்றால் சத்தமில்லாத நல்ல பிளாஸ்டிக், அட்டையின் ஓரத்தில் இடுப்புக் கச்சை மாதிரி ஒரு காகிதப் பட்டை. அந்த 1568ல் பியானோ வாசித்த சோனி கிளார்க் 31 வயதில் செத்துப்போனவர். அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியதும் ஜப்பான்காரர்கள்தான். லண்டன் வியாபாரி ஒருவரிடம் ஒரு பிரதி இருந்தது. கச்சை இல்லை, அட்டையில் காபிக் கறை, அதனால் விலை குறைவு. கறை எனக்கு ஒரு பிரச்சினையே இல்லை, அட்டையையா ஓட்டப் போகிறேன்? தட்டு 3,800. அனுப்பும் செலவும் வரியும் சேர்த்துத் தட்டை விட அதிகம். வீட்டில் சொன்னது 900.

பதினாலாம் நாள் கத்திரி வெயிலில் கூரியர் பையன் கூப்பிட்டான். "அண்ணா, லண்டன்பேட்டைல எங்கண்ணா? ரவுண்டானாகிட்ட வந்துடறீங்களா?" நான் ஓசூரில் இருக்கிறேன், வீட்டில் அம்மா இருக்காங்க, கையில் கொடு தம்பி, தட்டையானது, வளைக்காதே, வெயிலில் வைக்காதே என்று மூணு தடவை சொன்னேன். "சரிண்ணா, சரிண்ணா." வந்திருக்கிறான். அம்மா தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். காம்பவுண்டுச் சுவருக்கு மேல் கையை நீட்டித் துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்து, போட்டோ எடுத்து, 'ஒப்படைக்கப்பட்டது' என்று அமுக்கிவிட்டுப் போய்விட்டான். மத்தியானம் 12.40. நான் வீடு வந்தது சாயங்காலம் ஆறு. அந்தக் கல்லில் காலையில் போட்ட வத்தலே சாயங்காலத்துக்குள் சலசலவென்று காய்ந்துவிடும்.

அட்டைப் பெட்டி புத்தம் புதுசு மாதிரி இருந்தது. தட்டை எடுத்து மேஜைக் கண்ணாடி மேல் வைத்தேன், ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. தொழில் புத்தி போகுமா? இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜை எடுத்து வந்தேன். ஒரு மில்லி தகடு மூணைச் சேர்த்து நுழைத்தேன், அப்போதும் லொடலொடவென்று ஆடியது. 3.2 மில்லி. நான் பார்க்கிற வேலையில் 20 மைக்ரான் தாண்டினால் பீஸைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு மெமோ கொடுப்பார்கள்.

கஸ்டமர் கேரில் 35 நிமிஷம் பாட்டு போட்டார்கள். நல்ல சாக்சபோன் பாட்டு என்றால் மன்னித்திருப்பேன். அப்புறம் ஒரு பெண் குரல்: வெளிப்பெட்டியில் சேதம் இருக்கா சார்? இல்லைம்மா. அப்ப கம்ப்ளெயிண்ட் எடுக்க முடியாது சார். உள்ளே வளைஞ்சிருக்கும்மா. பெட்டி வளைஞ்சிருக்கா சார்? இல்லை. பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா சார்? பார்சல் பிரிக்க நான் என்ன கல்யாண வீடியோக்காரரா கூட்டி வர முடியும்? போட்டோவில் ஒப்படைத்தது தெளிவாகத் தெரியுது சார் என்றார். தெளிவாகத்தான் தெரிந்தது. துவைகல், அதன் மேல் பெட்டி, பெட்டி மேல் பளீரென்று வெயில்.

ரெண்டு கனமான கண்ணாடிக்கு நடுவில் வைத்து, மேலே பழைய ஸ்டீல் பிளாக் ரெண்டை ஏற்றி, மூணு வாரம் கட்டிலுக்கு அடியில் விட்டேன். 3.2 இப்போது 2.4. முதல் பாட்டு ஓடவில்லை. ஓரத்தில் வளைவு அதிகம், 1.8 செகண்டுக்கு ஒரு தடவை சுற்று வரும்போது ஊசி மேட்டில் ஏறிக் குதித்து ரெண்டு கோடு தள்ளி விழுகிறது. ரெண்டாவது பாட்டு தள்ளாடுகிறது. உள்ளே போகப் போக மேடு குறைகிறது. அந்தப் பக்கத்துக் கடைசிப் பாட்டு மட்டும் தாண்டாமல் ஓடுகிறது, சோனி கிளார்க் பியானோ லேசாக அலையடிக்க. அம்மா அறைக்குள்ளிருந்து, "ஏன்டா, கரண்டு ஏத்த இறக்கமா வருதா?" என்றார்.