ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் வேலைகள்

பல வேலைகளில் கால் வைத்தால் கவனம் சிதறும் என்று, சொந்தமாகப் பல வேலைகள் செய்வதைப் பற்றிய ஒரு கட்டுரையில் படித்தேன். என் அனுபவம் வேறு. மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ்டவுனில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன், மொழிபெயர்ப்பும் செய்கிறேன். 1833இல் கட்டிய குவீன் தெரு மாரியம்மன் கோயிலைப் பற்றிப் பயணிகள் கேட்ட கேள்விகளுக்காகத் தேடித் தேடிப் படித்ததுதான், பிறகு கோயில் விழா மலர் இதழ்களை மொழிபெயர்க்கக் கைகொடுத்தது. அங்கே கிடைத்த சொற்களை இப்போது பயணிகளிடம் சொல்கிறேன். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து சுற்றுலா படுத்தபோது மொழிபெயர்ப்புதான் சோறு போட்டது. சம்பந்தமே இல்லாத ஆன்லைன் துணி வியாபாரம் மட்டும்தான் என் நேரத்தைத் தின்றது, விட்டுவிட்டேன்.

அந்தக் கட்டுரையில் ஒன்று விடுபட்டிருக்கிறது. சம்பளக்காரர்களுக்கு முதலாளி ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பில் சம்பளத்தில் 12 அல்லது 13 விழுக்காடு போடுவார். சொந்தமாகத் தொழில் செய்யும் நமக்குப் போட ஆளில்லை. தம்பி தங்கைகளே, சுயதொழில் செய்வோருக்கான இபிஎஃப் திட்டமான ஐ-சாரானில் பதிந்து மாதாமாதம் நீங்களே கட்டிவிடுங்கள்.