‘ஒப்புதல்’ என்று எழுதிய பெட்டியை முதலில் அழியுங்கள்

சப்ளையரிடமிருந்து சரக்கு வந்து, பில் பாஸாகி, பணம் போகும் வரையான வேலையை எடுத்துக்கொள்வோம். பி.ஓ. (கொள்முதல் ஆணை), ஜி.ஆர்.என். (வந்த சரக்கைப் பதியும் சீட்டு), பில், ஒப்பீடு, பேமென்ட் என்று எல்லாக் கம்பெனியிலும் இருப்பதுதான். இதை பிபிஎம்என் என்ற, வேலை நடக்கும் வரிசையைப் படமாக வரையும் குறியீட்டு முறையில் அழகாக வரைந்து சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். ஸ்டோர்ஸ்காரருக்குப் புரியவில்லை என்றால், “அவருக்குக் குறியீடு தெரியாது” என்று பதில் வரும். வட்டம் (தொடக்கம், முடிவு), பெட்டி (ஒரு வேலை), டயமண்ட் (வழி பிரியும் அல்லது சேரும் இடம்), அம்பு (போகும் வரிசை) நான்கையும் கற்றுக்கொள்ள பத்து நிமிடம் போதும். கோளாறு பெட்டிக்குள் இருக்கும் சொல்லில்தான் என்பது என் கட்சி.

அலுவல் காரியம் என்றதும் வினையைப் பெயராக்கிவிடுவது நம் பழக்கம். ‘ஒப்புதல்’, ‘சரிபார்ப்பு’, ‘பில் பரிசீலனை’. ஒப்புதல் என்றால் கேட்பதா, கொடுப்பதா, கிடைத்துவிட்டதா? கேட்பவர் ஒருவர், கொடுப்பவர் வேறொருவர், கிடைத்துவிட்டது என்பது வேலையே இல்லை. ‘பில்லை பி.ஓ.வோடு ஒப்பிடு’, ‘குறைந்த அளவை ஜி.ஆர்.என்.னில் எழுது’ என்று ஏவலாக எழுதினால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. அதட்டுவது போல இருந்தால் ‘ஒப்பிடவும்’ என்று போடுங்கள், கெட்டுப்போகாது. இப்படிப் படம் வரைவதற்கு 2010இல் மெண்ட்லிங், ரெய்ஜர்ஸ், வான் டெர் ஆல்ஸ்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வகுத்த ஏழு விதிகளில் ஒன்று இதுதான்: பெட்டியில் வினையும் செயப்படுபொருளும் இருக்க வேண்டும். தமிழில் வரிசை மட்டும் மாறும்.

அடுத்தது டயமண்ட். அது எந்த வேலையும் செய்யாது, வந்த முடிவைப் பார்த்து வழி பிரித்துவிடும், அவ்வளவுதான். ஆகவே டயமண்டில் ‘பில் சரிபார்ப்பு’ என்று எழுதினால் அந்த வேலைக்கு ஆளே இல்லாமல் போகிறது. முன்னால் ‘ஒப்பிடு’ என்று ஒரு பெட்டி வேண்டும். டயமண்ட் பக்கத்தில் ‘அளவும் விலையும் பொருந்துகிறதா?’ என்ற கேள்வி. கிளைகளில் ‘ஆம்’, ‘இல்லை’ போட்டு முடித்துவிடாதீர்கள். அளவு குறைந்தால் ஸ்டோர்ஸுக்குப் போக வேண்டும், விலை வேறாக இருந்தால் பர்ச்சேஸுக்கு. ‘பொருந்துகிறது’, ‘அளவு குறைவு’, ‘விலை வேறு’ என்று மூன்று கிளை இருந்தால்தான் யார் மேஜைக்கு என்று தெரியும்.

வரைந்தவர்களே கவனிக்காத பிழை ஒன்று உண்டு. அதைப் பிடிக்க ஒரு ரூபாய் நாணயம் இரண்டு போதும். தொடக்க வட்டத்தில் ஒன்றை வைத்து அம்பு வழியே நகர்த்துங்கள். பெருக்கல் குறி போட்ட டயமண்டில் நாணயம் ஏதாவது ஒரு கிளையில்தான் போகும். கூட்டல் குறி என்றால் எல்லாக் கிளையிலும் ஒவ்வொன்று போகும், சேரும் இடத்தில் எல்லாம் வரும் வரை காத்திருக்கும். இப்போது பெருக்கல் குறியில் பிரித்துவிட்டு கூட்டல் குறியில் சேர்த்திருந்தால்? வராத இரண்டாவது நாணயத்துக்காக முதல் நாணயம் அங்கேயே கிடக்கும். காகிதத்தில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். சாஃப்ட்வேரில் ஏற்றினால் பில் அங்கேயே தொங்கும். மாற்றிப் போட்டால், அதாவது கூட்டலில் பிரித்துப் பெருக்கலில் சேர்த்தால், இரண்டு நாணயமும் தனித்தனியே தாண்டிப் போகும். அதற்குப் பின்னால் இருப்பது ‘பணம் அனுப்பு’ என்றால் ஒரே பில்லுக்கு இரண்டு முறை!

ஒப்புதல் வரம்புகளைப் படத்தில் திணிக்காதீர்கள். உதாரணத்துக்கு, 25,000 ரூபாய் வரை துறைத் தலைவர், 2 லட்சம் வரை மேலாளர், அதற்கு மேல் இயக்குநர். பட்ஜெட்டுக்குள் இல்லையென்றால் நிதி அதிகாரியும். இதை டயமண்டாக வரைந்தால் அம்புகள் நூல்கண்டு சிக்கியது மாதிரி ஆகிவிடும். ஆறு வரி அட்டவணையாகத் தனியே வைத்து, படத்தில் ‘ஒப்புதல் தருபவரைத் தீர்மானி’ என்று ஒரே பெட்டி போடுங்கள். நாளைக்கு வரம்பு மாறினால் அட்டவணையை மட்டும் திருத்தலாம்.

பெட்டி, டயமண்ட் போன்ற உறுப்புகள் 50ஐத் தாண்டினால் படத்தைப் பிரி என்பது அந்த ஏழு விதிகளில் இன்னொன்று. அது தாராளம். ஏ4 தாளில் 20 தாண்டினாலே எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும். முடிவு வட்டம் ஒன்றே போதும் என்றும் அந்த விதிகளில் இருக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. ‘பணம் போனது’, ‘பில் திரும்பியது’ இரண்டும் வேறு வேறு முடிவுகள், படிப்பவருக்குத் தனித்தனியே தெரியட்டும்.

காலக்கெடுவைக் காட்டும் கடிகாரக் குறியை எங்கே வைப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. சப்ளையர் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு பெற்ற உற்பத்தியாளர் என்றால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் சட்டப்படி பணம் கொடுப்பதை 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். நாள் எண்ணுவது சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து. படத்திலோ கடிகாரம் ‘பில் வந்தது’ பக்கத்தில் இருக்கும். பில் பத்து நாள் தாமதமாக வந்தால் அந்தப் பத்து நாளும் கணக்கில் வராமல் போகும்.

வரைந்து முடித்ததும் ஸ்டோர்ஸ்காரர் முன்னால் தாளை வையுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். “100 பெட்டிக்கு 92தான் வந்திருக்கு, என்ன செய்வீங்கண்ணே?” என்று மட்டும் கேளுங்கள். அவர் விரல் படத்தில் எங்கே போகிறது என்று பாருங்கள். தயங்கி நிற்கும் இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.