பட்லர் தோற்றது மூன்று புள்ளி எறிதலாலா?

2011 என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி அணிகளின் தொடர்) கூடைப்பந்து இறுதிப் போட்டியில் பட்லர் அணி கனெக்டிகட்டிடம் 41-53 என்று தோற்றதற்கு, அளவுக்கு மீறி மூன்று புள்ளி எறிதல்களை (வளைவுக் கோட்டுக்கு வெளியே, தூரத்திலிருந்து எறிபவை) நம்பியதே காரணம் என்று இங்கே சிலர் சொல்லியிருக்கிறீர்கள். 33 முறை தூரத்திலிருந்து எறிந்தார்கள் என்பது உண்மைதான், அதனால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

அந்த 33-இல் 9 விழுந்தன. அந்தக் கோட்டுக்கு உள்ளே இரண்டு புள்ளிக்கு எறிந்த 31-இல் விழுந்தவை வெறும் 3. பட்லரின் 41 புள்ளிகளில் 27 தூர எறிதலில் வந்தவை. வளையத்துக்குக் கீழேதான் ஆட்டம் கைவிட்டுப் போனது. கனெக்டிகட்டின் உயரமான வீரர்கள் 10 எறிதல்களைத் தட்டிவிட்டார்கள். அத்தனை நெருக்கத்தில் பந்து விழாமல் போனது அந்தப் பையன்களை எவ்வளவு வாட்டியிருக்கும்! இன்னொன்று, வென்ற கனெக்டிகட்டே தூரத்திலிருந்து 11-இல் ஒன்றைத்தான் போட்டது.

சந்தேகம் இருந்தால் அந்த ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோரை (ஆட்டத்தின் புள்ளிவிவர அட்டவணை) தேடிப் பாருங்கள், இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: மொத்த எறிதல் என்ற பத்தியில் (12/64) மூன்று புள்ளி எறிதல்களும் சேர்ந்தே இருக்கும். அதிலிருந்து 9/33-ஐக் கழித்தால் 3/31 வரும். புள்ளியாகவும் சரிபார்க்கலாம்: 27, உள்ளே எறிந்ததில் 6, ஃப்ரீ த்ரோவில் (எதிரணியின் தவறுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் ஒரு புள்ளி எறிதல்) 8, ஆக 41.