யேல் பல்கலைக்கழகத்தில் அப்படி ஓர் ஆய்வே நடக்கவில்லை

"1953இல் யேலில் படித்து முடித்தவர்களில் 3 சதவீதம் பேர்தான் இலக்கை எழுதி வைத்தார்கள், 20 ஆண்டுகள் கழித்து மற்ற 97 சதவீதம் பேரின் மொத்தச் சொத்தைவிட அவர்கள் சொத்து அதிகம்" என்று, இலக்கை எழுதி வைக்கச் சொல்லும் இந்தப் பதிவில் இருக்கிறது. அது கட்டுக்கதை. அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்குத் தடயமே இல்லை என்று யேல் தரப்பே சொல்லிவிட்டது. ஹார்வர்டு என்று பெயர் மாற்றியும் இதே கதை சுற்றுகிறது.

அதற்காக இலக்கு வைப்பதே வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எட்வின் லாக், கேரி லேதம் என்ற உளவியலாளர்கள் பல ஆண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தார்கள். லேதம் 1975இல் வெளியிட்ட லாரி ஆய்வு ஒன்று போதும். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரிகள் அவை. "முடிந்தவரை ஏற்றுங்கள்" என்றபோது, சட்டம் அனுமதித்த எடையில் சுமார் 60 சதவீதம்தான் ஏறியது. 94 சதவீதம் என்று குறிப்பாகச் சொன்ன பிறகு, சில மாதங்களில் 90 சதவீதத்தைத் தொட்டது. கூலி உயர்வு கிடையாது, பரிசும் கிடையாது. பாராட்டு மட்டும்தான்.

கீழே கருத்துப் பகுதியில், குரூப் 2 தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் இலக்கை எப்படி எழுதி வைப்பது என்று கேட்டிருக்கிறார். "நல்லா படிக்கணும்" என்று எழுதி ஒட்டாதீர்கள். "ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வில் கணக்கில் 25க்கு 20" என்று எழுதுங்கள், அன்று மாலையே திருத்திப் பாருங்கள். அடிப்படையே தெரியாத பாடம் என்றால் மட்டும் மதிப்பெண் இலக்கு வேண்டாம். இந்த வாரம் எந்த மூன்று வழிமுறைகளைக் கற்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். புதிய, சிக்கலான வேலைக்கு அதுதான் எடுபடும்.

பதிவிட்டவர் அந்த 3 சதவீத வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.