மலிவு போனுக்கு மட்டும் ஏன் இந்தப் பூட்டு?

"தனியுரிமை வேண்டுமா? கிராஃபீன்ஓஎஸ் போட்டுக்கொள்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டை வைத்துத் தனியுரிமைக்கென்றே செய்த அந்த மாற்று இயங்குதளம் பல ஆண்டுகளாகக் கூகுளின் பிக்சல் போன்களை நம்பியே இருக்கிறது. கூகுளை விட்டு விலக, முதலில் கூகுள் போனையே வாங்க வேண்டும்!

சரி, பல நிறுவனப் போன்களில் ஓடும் இன்னொரு மாற்று இயங்குதளமான லினியேஜ்ஓஎஸ் இருக்கிறதே என்று போனால், போனை இயக்கியதும் இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடரிலேயே வழி அடைபடுகிறது. என் மலிவு போனின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில், அந்தப் பூட்டைத் திறக்க அனுமதிக்கும் 'ஓஇஎம் அன்லாக்கிங்' என்ற வரி சாம்பல் பூத்துக் கிடக்கிறது. எத்தனை முறை தட்டினாலும் அசையவில்லை. காசு கொடுத்து வாங்கியது நான், சாவி மட்டும் தயாரித்தவரிடம். ஆண்ட்ராய்டின் அடியில் ஓடும் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல், ஜிபிஎல் 2 என்ற திறந்த மூல உரிமத்தில் வருவது. மாற்றங்களோடு மூல நிரலைத் தந்தாக வேண்டும். மலிவு போன் செய்பவர்கள் பலர் அதைக்கூடத் தருவதில்லை.

எப்படியோ திறந்துவிட்டாலும், அப்புறம் வங்கிச் செயலி முரண்டு பிடிக்கும். போனின் மென்பொருள் நம்பத்தக்கதா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் தேறவில்லையாம். வருடக்கணக்கில் பாதுகாப்பு அப்டேட்டே பார்க்காத பழைய ஆண்ட்ராய்டை, பூட்லோடர் பூட்டியிருக்கிறது என்பதற்காகவே பல செயலிகள் ஏற்றுக்கொள்கின்றன. புத்தம்புதுத் திருத்தங்களோடு ஓடும் லினியேஜை நம்பமாட்டார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

விளம்பரங்களையும் நீக்க முடியாத செயலிகளையும் அதிகம் திணிப்பது மலிவு போன்களில்தான். அப்படியானால் தனியுரிமை முதலில் தேவைப்படுவது யாருக்கு? திறந்த மூலச் செயலிகளின் கிடங்கான எஃப்-டிராய்டிலிருந்து கீபோர்டு, மேப் என்று ஒவ்வொன்றாக மாற்றியே எத்தனை நாள் ஓட்டுவது?