காதல் இருந்தால் அது அரசியல் நாவல் இல்லையா?

ஞாயிறு மாலை நம் வாசிப்புக் குழுவின் இணையக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். பொறுத்துப் பார்த்தேன். மனசு ஆறவில்லை. எழுதிவிடுகிறேன்.

அந்தத் தங்கை 'ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ' நாவலைப் பற்றி எவ்வளவு ஆசையாகக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்து பேசினாள்! அவள் பாதியில் இருக்கும்போதே ஒரு மூத்த வாசகர் குறுக்கிட்டார். "ரெண்டு பேர் கட்டிப்பிடிக்கிறதுக்குப் பின்னால வெள்ளை மாளிகையைத் திரையா தொங்கவிட்டா அது அரசியல் நாவல் ஆயிடுமாம்மா?" உடனே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. அவள் கூட்டத்தை விட்டுப் போய்விட்டாள். நாமும் எதுவுமே நடக்காத மாதிரி அடுத்த புத்தகத்துக்குப் போய்விட்டோம்.

சார், உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. நீங்கள் சொல்லிப் படித்த புத்தகங்கள் என் வீட்டில் நிறைய இருக்கின்றன. ஆனாலும் சொல்கிறேன், அது அரசியல் நாவல்தான். அந்தக் காதலை உருவி எடுத்துவிட்டால் அதில் அரசியலும் மிஞ்சாது.

கேசி மெக்விஸ்டன் எழுதி 2019இல் வந்த நாவல். அமெரிக்க அதிபரின் மகனும் பிரிட்டன் இளவரசனும் காதலிக்கிறார்கள். ஆரம்பத்தில் இருவருக்கும் ஆகாது. அரச குடும்பத் திருமணம் ஒன்றில் முட்டிக்கொண்டு கேக்கைச் சாய்த்துவிடுகிறார்கள். உடனே இரண்டு பக்கத்து அதிகாரிகளும் கூடி, இவர்கள் நெருங்கிய நண்பர்கள் என்று உலகத்துக்குக் காட்ட ஏற்பாடு செய்கிறார்கள். யார் யாரோடு சிரித்துப் படம் எடுக்க வேண்டும் என்பதை அலுவலகம் முடிவு செய்கிறதே, அது அரசியல் இல்லையா? பிறகு அதிபராக இருக்கும் அம்மா மறுபடி தேர்தலில் நிற்கும்போது இருவரும் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்கள் வெளியே கசிகின்றன. ராத்திரியில் தனியாக உட்கார்ந்து ஒருவருக்காக மட்டும் எழுதிய வரி, விடிந்தால் எதிர்த்தரப்பின் பிரச்சாரம். அதிகாரத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களின் அந்தரங்கம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை இதைவிட நேராக எப்படிக் கேட்பது?

காதலும் அரசியலும் ஒன்றாக வந்த கதைகளை நாம் படிக்காதவர்களா? கல்கியின் 'அலை ஓசை'யில் விடுதலைப் போராட்டமும் இருக்கிறது, சீதாவின் மணவாழ்க்கை சிதைவதும் இருக்கிறது. அதற்கு 1956இல் சாகித்ய அகாதெமி விருது. அதை வெறும் குடும்பக் கதை என்று நீங்களே சொன்னதில்லை. இன்னும் பின்னால் போனால் பெஞ்சமின் டிஸ்ரேலி. அவர் 1844இல் எழுதிய 'கோனிங்ஸ்பி'யில், நாயகன் விரும்பும் பெண்ணின் அப்பாவை எதிர்த்தே அவனைத் தேர்தலில் நிற்கச் சொல்கிறார் அவனுடைய தாத்தா. அவன் மறுக்கிறான், சொத்தை இழக்கிறான். கடைசியில் அந்த அப்பாவே அவனுக்குத் தொகுதியை விட்டுக்கொடுத்துப் பெண்ணையும் கொடுக்கிறார். இதை எழுதியவர் பிற்பாடு இரண்டு முறை பிரிட்டனின் பிரதமராக இருந்தவர். அரசியல் தெரியாதவர் எழுதிய காதல் கதை என்று அதை யாராவது தள்ளிவிட முடியுமா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சிலர் கேட்டீர்கள். சொல்கிறேன். என் அத்தான் ஒரு முறை தேர்தலில் நின்றார். மேடையில் அவர் பேசியது எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குள் அக்கா பட்டது எனக்குத்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த ஏதோ ஒரு பழைய படத்தைத் தேடிப் பிடித்து, அசிங்கமாக வார்த்தை சேர்த்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். அன்றைக்கு அவளும் அத்தானும் சரியாகப் பேசிக்கொள்ளக்கூட இல்லை. சாயங்காலம் துண்டறிக்கைக்காக இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சிரிக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் அக்கா ஒரு காதல் நாவல் படித்தாள். வேட்பாளரைக் காதலிக்கும் பெண்ணின் கதை. "இதை எழுதினவங்க நம்ம வீட்டுக்குள்ள வந்து பார்த்த மாதிரி இருக்குடி" என்றாள். அத்தானின் மேசையில் இருந்த கனமான அரசியல் புத்தகங்கள் எதிலும் அவள் இல்லை. அந்த நாவலில் இருந்தாள். இது எனக்குப் பெரிய விஷயம்.

சரி, மறுப்புகளுக்கு வருகிறேன். தலைவருக்கும் அவருக்குக் கீழே வேலை செய்கிறவருக்கும் காதல் என்று எழுதும்போது அதிகாரத்தின் அழுத்தம் மறைந்துவிடுகிறது என்றார் ஒரு தோழி. நியாயம். அப்படி அலட்சியமாக எழுதப்பட்டவை இருக்கின்றன, எனக்கும் பிடிக்காது.

ஆனால் "முடிவு சுபமாக இருக்கிறது, அரசியலில் அப்படி நடக்குமா" என்ற கேள்வியை நான் ஏற்க மாட்டேன். காதல் நாவல் என்ற வகையே நம்பிக்கை தரும் முடிவை வாசகருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் தொடங்குகிறது. துப்பறியும் கதையில் கொலைகாரன் பிடிபட்டால் யாரும் குறை சொல்வதில்லையே? 2016 அமெரிக்கத் தேர்தல் முடிவுக்குப் பிறகு இந்த நாவலைக் கைவிட இருந்ததாக மெக்விஸ்டனே எழுதியிருக்கிறார். உண்மை நிலவரம் தெரியாமல் எழுதிய சுபமுடிவு இல்லை அது. தெரிந்து, மனம் உடைந்து, அதற்கப்புறம் எழுதியது. எல்லாரும் தோற்று எல்லாரும் கெட்டுப்போனால்தான் அது ஆழமான அரசியல் நாவல் என்று யார் விதித்தது?

உண்மையில் சிரிப்பு அந்த நாவலைப் பார்த்து இல்லை. அதைப் படிக்கிறவர்களைப் பார்த்து. "பொழுதுபோகாத பெண்கள் படிப்பது" என்று பின்னால் ஒருவர் எழுதியதையும் பார்த்தேன். ஸ்டேசி ஏப்ரம்ஸைத் தெரியுமா அவருக்கு? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றத்தில் தன் கட்சிக்குத் தலைமை தாங்கியவர். 2018இல் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டவர். அவரேதான் செலினா மான்ட்கோமரி என்ற பெயரில் 2001 முதல் காதல் நாவல்கள் எழுதியவர். வரிச் சட்டம் பற்றிய தன் கட்டுரைகளோடு குழம்பிவிடக் கூடாது என்றுதான் அந்தப் புனைபெயர். தேர்தலில் நின்றபோதும் அந்த நாவல்களை அவர் மறைக்கவில்லை, வெளிப்படையாகவே பேசினார். வரிச் சட்டக் கட்டுரையையும் காதல் காட்சியையும் ஒரே ஆளால் எழுத முடியும் சார். அதையும் இதையும் ஒரே ஆளால் படிக்கவும் முடியும். நாங்கள் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம், சமையலறையில், பேருந்தில், மருத்துவமனை வரிசையில். எங்கள் வீட்டு ஆண்களுக்காக ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாக நடந்துவிட்டு வந்தும் படிக்கிறோம். எங்களைப் பொழுதுபோகாதவர்கள் என்று சொல்ல எப்படி வாய் வந்தது?

இனி இந்தப் பக்கத்தில் அரசியல் காதல் நாவல்களைப் பற்றித் தொடர்ந்து எழுதப்போகிறேன். முதலில் டிஸ்ரேலியின் 'சிபில்', 1845. பிரபுக் குடும்பத்து எக்ரிமான்ட்டும், தொழிலாளர் வாக்குரிமைக்காகப் போராடிய ஒருவரின் மகளும். விருப்பமுள்ளவர்கள் சேர்ந்து படிக்கலாம். சிரிப்புப் பொம்மை போட மட்டும் வருகிறவர்கள் என்னைப் பின்தொடர்வதை இப்போதே நிறுத்திக்கொள்ளுங்கள்.