கண்மாய்ப் பாசியும் வயிற்று மாத்திரையும்

ஒரு அண்ணன், 'மதுரை வண்டியூர் கண்மாய்ப் பாசியிலும் நம் வயிற்றிலும் இருப்பது ஒரே புரோட்டான் பம்ப்தான் (புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, சவ்வு தாண்டித் தள்ளும் புரதம்), வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாத்திரையைக் கரைத்து ஊற்றினால் பாசி செத்துவிடும்' என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க.

வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்பில் சுழலும் பாகமே கிடையாது. அதன் பெரிய ஆல்ஃபா புரதச் சங்கிலி செல்லின் சவ்வை 10 முறை கடக்கிறது, துணைக்கு ஒரு பீட்டா சங்கிலி. புரோட்டானை வெளியே தள்ளி, பதிலுக்குப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும்.

பச்சைப் பாசியின் செல்லுக்குள் இருக்கும் வி-வகை ஏடிபேஸ் என்ற புரோட்டான் பம்ப் வேறு ரகம். அதன் தலையில் ஏ, பி என்ற புரதங்கள் மும்மூன்றாக, மாறி மாறி வட்டமாக அமைந்திருக்கும். அங்கே செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி உடைய உடைய, நடுத்தண்டும் சவ்வுக்குள் உள்ள வளையமும் கிணற்று ராட்டினம் மாதிரி சுற்றிப் புரோட்டானைக் கடத்தும். ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்தின் ஏடிபி சிந்தேஸும் இப்படிச் சுழல்வதுதான், ஆனால் வேலை தலைகீழ்: புரோட்டான் இறங்கி வர, ஏடிபி உருவாகும். ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியில் அந்த சிந்தேஸின் வளையத்துக்கு 15 துண்டுகள், துண்டுக்கு ஒரு புரோட்டான். ஒரு சுற்றுக்கு 3 ஏடிபி, அதாவது ஒரு ஏடிபிக்கு 5 புரோட்டான்.

பாசி செல்லின் வெளிச்சவ்வில் வயிற்றுப் பம்புக்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று உண்டு, அதுவரை அண்ணன் சொன்னது சரி. ஆனால் அது பொட்டாசியத்தை மாற்றிக்கொள்வதில்லை.

அப்புறம் மாத்திரை. ஒமிப்ரசோல் கடும் அமிலத்தில்தான் வேலைசெய்யும் வடிவத்துக்கு மாறும். பாசி மண்டிய தண்ணீரோ, பகலில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து காரத்தன்மைக்குப் போய்விடும். மருந்தை ஊற்றாதீர்கள், காசுதான் வீண். பாசிக்குத் தீனி சாக்கடையோடு வரும் பாஸ்பேட்டும் நைட்ரஜனும். அதை மறித்தால் பாசி தானாகக் குறையும்.